இரண்டு மூக்கு வண்டி

மோட்டார் வண்டிக்குச் சக்கரம் நான்கு, வயிற்றுக்குப் பெட்ரோல், கோளாறு வந்தால் மெக்கானிக் - நம்மில் பலருக்குத் தெரிந்த வாகன சாஸ்திரம் இவ்வளவுதான். அதற்கு மூக்கும் உண்டு. அந்த மூக்கில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் ஒரு குடும்பத்தில் இரண்டு மாத காலம் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்காது என்பதை நான் தெரிந்துகொண்டது ஸிட்னி நகரத்தில், ஆடி மாதக் குளிரில். ஆம், ஆடியில் அங்கே குளிர்காலம். அந்த ஊரில் எல்லாமே தலைகீழ்தான்.

நான் போனது கார் பார்ப்பதற்காக அல்ல. என் தம்பியின் மனைவிக்கு முதல் பிரசவம். அவளுக்குத் தாயார் இல்லை. ஆகையால் என் அம்மா இஞ்சி, சுக்கு, ஓமம், பிரசவ லேகியத்துக்கான சாமான்கள் என்று ஒரு நாட்டு மருந்துக் கடையையே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப, துணைக்கு நான் போனேன். விடுமுறை கொடுத்த ஆசிரியர், "வரும்போது ஒரு கட்டுரையோடு வாருங்கள்" என்றார். லேகியத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார், பாவம்!

எங்கள் வீட்டில் தம்பி மனைவிக்குச் 'சின்னவள்' என்று பெயர். ஸிட்னியின் மேற்குப் பகுதியில் ஒரு பெரிய மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் நர்ஸ். சுயமாக மூச்சு விட முடியாதவர்களுக்கு இயந்திரம் வைத்து மூச்சு விட வைக்கிற இடம் அது. இந்தச் சமாசாரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டில் இரண்டு கார்கள். வாசலில் நிற்பது வெள்ளைக் கொரோலா. கடைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது அது. ஷெட்டுக்குள் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருப்பது இன்னொன்று. சாம்பல் நிறம். முன் மூடி திறந்து, குடல் சரிந்த மாதிரி ரப்பர்க் குழாய்களும் ஒயர்களும் தொங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் போய் இறங்கிய அன்று அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது ஏண்டா இப்படி இருக்கு? விபத்தா?" என்று கேட்டாள்.

"இல்லேம்மா. சரி பண்றேன்" என்றான் தம்பி.

"எத்தனை நாளா?"

"மார்ச்சிலேருந்து."

சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இட்லியை வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அன்று இரவுதான் தெரிந்தது. வளைகாப்பு அன்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. குழந்தை வீட்டுக்கு வருவதற்குள் அந்த வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். ஓடாவிட்டால் விற்றுவிட வேண்டும். மெல்போர்னில் ஒருவர் நல்ல விலைக்குத் தயாராக இருக்கிறார். ஷெட் காலியாகும், கடனும் அடையும். கேட்டவுடன் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அந்த வண்டியின் கதையையும் சொல்ல வேண்டும். தம்பி படிக்கப் போன காலத்தில் மூன்று வருஷம் இரவு நேரத்தில் பெட்ரோல் பங்கில் நின்றவன். பகலில் கல்லூரி, ராத்திரி பங்க், நடுவில் பிரெட்டும் ஊறுகாயும். வெள்ளிக்கிழமை இரவுகளில் அங்கே ஒரு ஸ்கைலைன் வரும். அதை ஓட்டி வருகிற மனிதர் மூடியைத் திறந்து காட்டி, அவனுக்குப் பாடம் நடத்துவாராம். ஊரில் வீட்டுக்குப் போன் செய்து அழத் தோன்றும் நாட்களில் அந்த அரை மணி நேரம்தான் தனக்குப் பேச்சுத்துணை என்று பிறகு ஒரு தடவை என்னிடம் சொன்னான். உத்தியோகம் கிடைத்து, சேமித்து, தேடிப் பிடித்து அதே மாதிரி ஒன்றை அவன் வாங்கியபோது அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

வண்டியின் முழுப் பெயர் நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். 1989 முதல் 1994 வரை ஜப்பானில் செய்த ரகம். பந்தயத்துக்கென்றே பிறந்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பானியப் பந்தயத் தொடரில் கலந்துகொண்ட 29 போட்டிகளிலும் இந்த ரகமே ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாத்தர்ஸ்ட் பந்தயத்தில் 1991, 1992 இரண்டு ஆண்டும் வெற்றி. அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றுதான் இதற்குக் 'காட்ஸில்லா' என்று பெயர் சூட்டியது. சினிமாவில் ஊரை மிதித்துத் துவம்சம் செய்யுமே, அந்த ஜப்பானிய ராட்சசப் பிராணி! 1993-இல் விதிகள் மாறி, இந்த ராட்சசனுக்கு அங்கே பந்தயத்தில் இடமில்லாமல் போயிற்று.

இதன் எஞ்சினுக்கு ஆறு ஸிலிண்டர், இரண்டு டர்போ. டர்போ என்றவுடன் பயப்பட வேண்டாம். கொல்லன் உலையில் துருத்தி இருக்கிறதல்லவா? அதே வேலைதான். எஞ்சின் வெளியே விடும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சில் இன்னொரு சக்கரம். அது புதிய காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகமாகப் போனால் பெட்ரோலும் அதிகமாக எரியலாம், பலமும் கூடும். ஒரு பெரிய டர்போவாக வைத்தால் அது வேகம் பிடிக்கத் தாமதமாகும். ஆகவே மூன்று ஸிலிண்டருக்கு ஒன்று வீதம் இரண்டு சிறிய டர்போக்கள். ஆளுக்கு ஒரு மூச்சுக்குழாய். 'இரண்டு மூக்கு வண்டி' என்று அம்மா பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

அந்த மூக்கின் முன்புறத்தில்தான் சூட்சுமம். வடிகட்டியைத் தாண்டி வந்த காற்று முதலில் ஓர் அளவுமானி வழியாகப் போகிறது. அதற்குள் சூடான மெல்லிய கம்பி. ஓடுகிற காற்று கம்பியைக் குளிர வைக்கிறது. எவ்வளவு குளிர்கிறதோ, அதை வைத்து எவ்வளவு காற்று போயிற்று என்று கணக்கு. இந்த வண்டிக்கு அப்படி இரண்டு அளவுமானிகள். அவை சொல்கிற கணக்கை நம்பித்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றுகிறது. சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். முழு பலத்தோடு இழுக்கும்போது 11, 12 என்று பெட்ரோலைக் கூட்டித் தர வேண்டும். அந்த உபரிப் பெட்ரோல் உள்ளே குளிர்ச்சியும் கொடுக்கிறது.

அளவுமானியைத் தாண்டிய பிறகு, டர்போவுக்கு முன்னால், எங்கேயாவது ஓட்டை இருந்தால்? கணக்கில் வராத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்துவிடும். கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமல் விருந்தாளிகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. பெட்ரோல் போதாது. உஷ்ணம் ஏறும், வெடிப்பு முறை தவறும். தம்பியின் அலமாரியில் நண்பன் ஒருவனின் வண்டியிலிருந்து எடுத்த பிஸ்டன் ஒன்று இருந்தது. நல்ல கெட்டி அலுமினியம். தலையில் ஒரு ரூபாய் நாணயம் போகிற அளவுக்கு உருகி ஓட்டையாகியிருந்தது. அம்மா அதன் வரலாறு தெரியாமல் அதில் ஊதுவத்தி செருகி வைத்திருந்தாள்.

இனி வழக்குக்கு வருவோம். முப்பது வருஷத்து ரப்பர்க் குழாய்கள் வெடித்துப் போய், நடுவில் யாரோ வெட்டி ஒட்டி வைத்திருந்தார்கள். அவற்றை எறிந்துவிட்டு, தன் வண்டிக்கென்றே அளவெடுத்து அலுமினியக் குழாய்கள் செய்து மாட்டினான் தம்பி. நாங்கள் போனபோது முதல் ஜோடி மாட்டி முடிந்திருந்தது. பளபளவென்று, பூஜைச் சொம்பு மாதிரி இருந்தன. ஷெட்டில் நிற்கும்போது எஞ்சின் தேனீ முரல்வது போல அழகாக ஓடிற்று. தெருவில் இறக்கி வேகம் பிடித்தால் மட்டும், முன்பலகையில் அவன் பொருத்தியிருந்த சின்ன மானியில் 11, 12 வர வேண்டிய இடத்தில் 13, பிறகு பதின்மூன்றரை. உடனே காலை எடுத்துவிடுவான். திரும்ப ஷெட். திரும்ப முட்டு.

ஓட்டையைத் தேடாமல் இருந்தானா? தேடினான். டர்போவுக்கு அப்பால் உள்ள குழாய்கள், காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் வழி - எல்லாவற்றையும் சோதித்தான். டர்போக்களின் வாயில் மூடி போட்டு, பம்ப்பினால் காற்று செலுத்தி, சோப்பு நீர் தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்படியானால் பெட்ரோல் பம்ப்தான் குற்றவாளி என்று புதிது வாங்கிப் போட்டான். அது நிரபராதி. அளவுமானிகளைச் சந்தேகித்தான். அவையும் நிரபராதிகள். செலவுக் கணக்கு மட்டும் ஏறிற்று. காலண்டரில் சின்னவள் தேதிகளை அடித்துக்கொண்டே வந்தாள். மெல்போர்ன்காரர் வாரம் ஒரு தடவை போன் செய்தார். இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ஆபத்தான அறிகுறி என்று!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஷெட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. எஞ்சின் ஓடவில்லை. தம்பி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி மெள்ள நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே அம்மா, "பெட்ரோல் வாசனையிலே போய் உட்காரலாமா?" என்று முணுமுணுத்துக்கொண்டு.

"எந்தப் பக்கம் சோதிச்சீங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

அவன் கையைக் காட்டி விளக்கினான். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "அதெல்லாம் காத்தைத் தள்ளுற பக்கம். இழுக்கிற பக்கம்?" என்றாள்.

"அங்கே அழுத்தமே கிடையாதே. ஓட்டை இருந்தாலும் சத்தம் வராது."

"அதனாலேதான் கேட்கிறேன். தள்ளுற பக்கம் ஓட்டைன்னா புஸ்ஸுன்னு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இழுக்கிற பக்கம் ஓட்டைன்னா சும்மா உறிஞ்சிக்கிட்டே இருக்கும்."

அவளுடைய தொழிலில், இயந்திரம் நோயாளிக்கு அனுப்பிய காற்று எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று இரண்டு கணக்கு உண்டாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரத்தைத் திட்ட மாட்டார்கள். நோயாளியின் வாயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். பெரிய குழாய்கள் அநேகமாகச் சரியாக இருக்கும். அதில் வந்து சேரும் சின்ன இணைப்புகள்தான் மோசம் செய்யும் என்றாள். ஓய்வாக இருக்கும் மனிதருக்கு நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் காற்று போதும். இந்த எஞ்சினுக்கு? தம்பி கணக்குப் போட்டான். 2,568 கன சென்டிமீட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு. நிமிஷத்துக்கு 7,000 சுற்று - ஏறத்தாழ 9,000 லிட்டர். டர்போ திணிக்கும்போது இன்னும் மேலே.

"ஆயிரம் நோயாளிக்கு மேலே!" என்று சின்னவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூடிகளை டர்போ வாயிலிருந்து எடுத்து, அளவுமானிக்கு அடுத்தாற்போல், குழாய்களின் ஆரம்பத்திலேயே போட்டான் தம்பி. பிளாஸ்டிக் மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி அவனே செய்தது. எஞ்சினின் வயிற்றிலிருந்து ஆவி வந்து சேரும் சின்ன ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, அவை சேரும் முனைகளை அடைத்தான். சைக்கிள் டியூபுக்கு அடிப்பதைவிடக் குறைவாக, கொஞ்சமாகக் காற்று செலுத்தினான். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் பீச்சுகிற பாட்டிலில் சோப்பு நீர். அதைச் சின்னவள் வாங்கிக்கொண்டாள். வளைகாப்பு வளையல்கள் குலுங்க, உட்கார்ந்தபடியே, எட்டிய இடமெல்லாம் பீச்சினாள். எட்டாத இடத்துக்கு நான். கீழ்ப்புறம் பார்க்க ஒரு கண்ணாடியை அவன் பிடித்துக்கொண்டான்.

பின்பக்க டர்போவுக்குப் போகும் குழாயின் அடிப்புறம். சின்ன முனை ஒன்றைப் பற்றவைத்திருந்த இடத்தைச் சுற்றி, கடுகு மாதிரி நாலைந்து குமிழ்கள்.

"இவ்வளவுதானா? இதுவா இத்தனை பாடு படுத்தும்?" என்றேன் நான்.

தம்பி பேசாமல் ஒரு நெம்புகோலை எடுத்து எஞ்சினை லேசாக நெம்பினான். வேகமாகப் போகும்போது எஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின்மேல் இப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்குமாம். கடுகு இருந்த இடத்தில் புசுபுசுவென்று நுரை பொங்கியது, பால் பொங்குகிற மாதிரி. நெம்புகோலை விட்டான், நின்றது. மறுபடி நெம்பினான், பொங்கியது. நிற்கும்போது நல்ல பிள்ளை, ஓடும்போது மட்டும் திருடன்!

காரணமும் அப்போதே தெரிந்தது. குழாயின் ஒரு முனை வண்டியின் உடம்போடு சேர்ந்தது. மறுமுனை எஞ்சினோடு சேர்ந்தது. உடம்பு அசையாது, எஞ்சின் அசையும். இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுக்க ரப்பர் இருந்தாக வேண்டும். பழைய குழாய் முழுவதும் ரப்பராக இருந்ததே அதற்காகத்தான். அழகுக்காக ஒரே துண்டு அலுமினியமாகச் செய்து, கடைசியில் மட்டும் ஒரு குட்டை ரப்பர் உறை போட்டிருந்தான் இவன். அசைவையெல்லாம் அந்தச் சின்னப் பற்றவைப்பு தாங்கித் தாங்கி விரிந்துவிட்டது.

"தாத்தா அன்னிக்கே கேட்டார்" என்றான் மெதுவாக.

தாத்தா என்றது வெல்டிங் செய்கிறவரை. லெபனானிலிருந்து வந்து குடியேறிய முதியவர். நான்கு தெரு தள்ளிப் பட்டறை. முதல் தடவை குழாயைக் கொண்டுபோனபோது அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரப்பர் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இவன் ஏதோ விளக்கம் சொல்லியிருக்கிறான். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் ஞாயிறு. புதுக் குழாய்கள் உருவானதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். சகோதரிகளே, இது முழுக்க முழுக்க ரவிக்கை தைக்கிற வேலைதான்! கடையில் வளைவுத் துண்டுகள் கிடைக்கின்றன - 45 பாகை, 90 பாகை என்று. அவற்றை வெட்டி, சேர்த்து, காகித டேப் ஒட்டி, வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். மின்விசிறியை இடிக்கிறதா, மூடி தாழ்கிறதா, சூடான இரும்புக்குப் பக்கத்தில் போகிறதா? ஒரு விரல்கடையாவது எங்கும் இடைவெளி வேண்டும். சரியான நிலையில் இரண்டு துண்டுகளுக்கும் குறுக்கே பேனாவால் கோடு போட்டுக்கொண்டால், கழற்றிய பிறகும் அதே கோணத்தில் சேர்க்கலாம். பிறகு முதியவரிடம் ஓட்டம். அவர் நாலே இடத்தில் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துத் தருவார். இது ஓட்டுத் தையல். மறுபடி வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்து, இல்லையென்றால் பிரித்து, சரியென்றால்தான் முழுத் தையல். அன்று ஐந்து தடவை போய் வந்தோம். ஐந்தாம் தடவை அம்மா முறுக்கு கொடுத்தனுப்பினாள்.

அந்த முதியவரின் கையைப் பார்க்க வேண்டுமே! முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு, ஆர்கான் வாயு சீறும் முனையைக் குழாயின்மேல் ஓட்டினார் என்றால், சங்கிலித் தையல் மாதிரி ஒரே சீராக ஒரு வரி விழுகிறது. என்னை அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டார். வேலை முடிந்து திரும்பினால், இந்தத் தடவை குழாய் இரண்டு துண்டு; நடுவில் தாராளமாக ஸிலிகோன் ரப்பர் இணைப்பு. முனைகளில் ரப்பர் நழுவாதபடி சின்ன விளிம்பு. முதியவர் இணைப்பை வளைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

மாட்டுவதற்கு முன் குழாய்களை உள்ளும் புறமும் மூன்று தடவை கழுவினான் தம்பி. அரம் ராவின துகள் ஒன்று தங்கிவிட்டால்கூட அது நேரே டர்போவுக்குப் போகும். அங்கே சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. குழந்தைக்கென்று வாங்கி வைத்திருந்த பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று அன்று காணாமற்போனது பற்றி நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

மறுபடி சோப்பு நீர். மறுபடி நெம்புகோல். ஒரு குமிழ்கூட இல்லை. சின்னவள் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் "சரி" என்றாள், நோயாளியை வார்டுக்கு அனுப்புகிற தோரணையில்.

செவ்வாய்க்கிழமை இரவு, ஊருக்கு வெளியே அகன்ற சாலையில் தம்பி ஓட்ட, மானியைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. காலை அழுத்தினான். முதுகை யாரோ பிடித்து இருக்கையோடு தள்ளின மாதிரி இருந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொள்ளாமல் படிப்பதே பெரிய காரியம். "பன்னிரண்டு... பதினொன்று புள்ளி எட்டு... பதினொன்று புள்ளி ஆறு" என்று கத்தினேன். அப்படியே நின்றது. வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. எஞ்சின் ஆறுகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

ஆண்டுச் சோதனைக்கான 'பிங்க் ஸ்லிப்' வாங்கி, பதிவும் புதுப்பித்தாயிற்று. அடுத்த பன்னிரண்டாம் நாள் விடியற்காலை சின்னவளுக்கு வலி கண்டது. தம்பி பரபரப்பில் ஸ்கைலைன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவள் வாசற்படியில் நின்று, வலிக்கு நடுவே, "கொரோலா" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். கொரோலாவில்தான் போனோம். பெண் குழந்தை. மூன்று கிலோவும் சொச்சமும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மெல்போர்ன்காரர் போன் செய்தார். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். சின்னவள்தான் எடுத்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தி, வண்டி விற்பனைக்கு இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் ஏதோ விலையை உயர்த்திச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சிறிது யோசித்தாள். பிறகு, அடுத்த வாரம் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.